மேமோகிராம் ரிப்போர்ட்டில் 3, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்: அதுவரை எப்படி இருப்பது?

வேப்பமரத்தெரு (காட்பாடி)

எனக்கு 43 வயது. வேலை செய்யும் இடத்தில் முகாம் என்றார்கள், எல்லோரும் பெயர் கொடுக்கிறார்களே என்று நானும் கொடுத்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனேன். இடது பக்கம் ஏதோ தெரிகிறது என்று அன்றைக்கே அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் பை-ரேட்ஸ் 3 என்று இருக்கிறது. டாக்டரம்மா ரொம்பச் சாதாரணமாக, "பயப்பட ஒன்றுமில்லைம்மா, ஆறு மாதம் கழித்து வந்து இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறுபடி வர வேண்டும், ஏதோ இருக்கிறது என்றால் எதற்கு ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே ஆட்டோ ஏறிய பிறகுதான்.

என் சின்னம்மா மார்பகப் புற்றுநோயில்தான் போனார். குளிக்கும்போதெல்லாம் கை அங்கேயே போகிறது. அழுத்திப் பார்த்துப் பார்த்து இப்போது வலிக்கவே ஆரம்பித்துவிட்டது, வலித்ததும் அது வேறு பயம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகள் பிளஸ் டூ. இப்போதே பயாப்ஸி எடுத்துவிடுங்கள் என்று போய் நிற்கலாமா? இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட் (ராணிப்பேட்டை)

ஸ்கேன் பிரிவில் சிஸ்டராக இருக்கிறேன். டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்லப் போவதில்லை, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன் அக்கா.

முதலில் ஒன்று. அந்த 3 என்பது நோயின் ஸ்டேஜ் இல்லை. மூன்றாவது ஸ்டேஜ் என்று நினைத்து அழுதுகொண்டே வருகிறவர்களை எங்கள் கவுண்டரில் அடிக்கடி பார்க்கிறேன், கூட வந்த மகனும் அப்படியே நினைத்துக்கொண்டு முகம் வெளுத்து நிற்பான். பை-ரேட்ஸ் என்பது படத்தைப் பார்த்த டாக்டர், அடுத்து என்ன செய்வது என்று எழுதுகிற எண். 0 என்றால் இந்தப் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும். 1, 2 என்றால் வழக்கமான தேதியில் வந்தால் போதும். 3 என்றால் பார்வைக்குச் சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கிறது, இப்படித் தெரிகிற 100 பேரில் புற்றுநோய் என்று ஆவது 2 பேரைத் தாண்டாது. 4 வந்தால்தான் ஊசி போட்டுத் திசு எடுக்க, அதாவது பயாப்ஸி செய்ய, சொல்வார்கள், அதிலும் 4ஏ என்றால் 100-ல் 2 முதல் 10 வரைதான் வாய்ப்பு. 5 என்றால் 95-க்கு மேல்.

எதற்கு ஆறு மாதம் என்று கேட்டீர்கள். ஃபைப்ரோஅடினோமா மாதிரியான சாதாரணக் கட்டி பெரும்பாலும் அப்படியே இருக்கும். கெட்டது என்றால் உருவம் மாறும், வளரும். மாறுகிறதா என்று பார்க்க இடையில் காலம் வேண்டும், அடுத்த வாரமே எடுத்தால் இதே படம்தான் வரும். ஆறாம் மாதம், பிறகு ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பார்த்து, மாறாமலே இருந்தால் அதை 2 ஆக்கிவிடுவார்கள். உங்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை, அந்தக் கட்டியின் நடத்தையைப் பார்க்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு நிமிடம்தான் முதலில் போகிறது. எங்கள் ஆட்களைப் பற்றிய என் வருத்தமும் அதுதான்.

தினமும் அழுத்துவதை விட்டுவிடுங்கள். எத்தனை நல்ல திசுவாக இருந்தாலும் நசுக்கினால் வலிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை, மாதவிலக்கு முடிந்து நாலைந்து நாள் கழித்து, போதும். அந்த நேரத்தில் மார்பு மிருதுவாக இருக்கும், மற்ற நாட்களில் எல்லோருக்கும் ஏதாவது தட்டுப்படும். ஆறு மாதம் ஆவதற்கு முன்பே போக வேண்டிய காரணங்கள் உண்டு: கட்டி கைக்குப் பெரிதாகத் தெரிவது, தோல் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ தானாக வருவது, அக்குளில் நெறி கட்டுவது. வெறும் வலி மட்டும் இந்த நோய்க்கு அறிகுறியாக இருப்பது அபூர்வம். சின்னம்மா விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா, அவருக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்து? இல்லை என்றால் அதற்காகவே ஒரு தடவை போய்ச் சொல்லுங்கள். அது அவர்கள் கணக்கில் வர வேண்டிய விஷயம்.

ஆம்பூர்க்காரன்

எல்லாம் சரி சிஸ்டர், ஆனால் 2 பேர் என்பது அந்த 2 பேருக்கு முழுசு இல்லையா? என் வீட்டம்மாவுக்கும் இதே மாதிரி வந்தது. அவர் ஷூ கம்பெனியில் வேலை, ஆறு மாதம் பயந்துகொண்டே மிஷினில் உட்கார முடியாது, ஊசி போட்டே பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தார்கள், ஃபைப்ரோஅடினோமா என்று வந்தது, ஆள் நிம்மதியாகிவிட்டார். நானாக இருந்தால் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ராத்திரி ஷிஃப்ட்

அண்ணா, நீங்கள் சொல்வது தப்பே இல்லை. 3 வந்த ஒருவர் "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொன்னாலோ, "ஆறு மாதம் கழித்து நான் ஊரில் இருக்க மாட்டேன்" என்று சொன்னாலோ, டாக்டரே ஊசி போட்டுப் பார்க்க ஒத்துக்கொள்வது உண்டு. பயமும் ஒரு காரணம்தான், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், மனசுக்குள் வைத்துக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் எல்லோருக்கும் ஊசி என்று ஆகிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் சும்மா குத்து வாங்குவார்கள். அதுவும் ஒரு செலவு, ஒரு வாரம் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது வேறு. ஊசி போட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அப்படி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தடித்த ஊசியால் நூல் மாதிரித் திசு எடுப்பார்கள். எடுக்கும்போது டப் என்று ஒரு சத்தம் வரும், முன்னாலேயே சொல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும். அப்புறம் இரண்டு மூன்று நாள் கன்றிப்போய் இருக்கும், அவ்வளவுதான். ஊசிக்குப் பயந்து நேராக ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால்தான் சிக்கல், வைத்தியத்தைத் திட்டமிட முடியாமல் போகும்.

சத்துவாச்சாரி அக்கா

தங்கச்சி, நான் அந்த 2 பேர் பக்கத்து ஆள். ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தது எல்லாம் முடிந்து வருடங்கள் ஆகின்றன, மாத்திரை மட்டும் ஓடுகிறது. உயிரோடு உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை முதலில் கவனி.

வைத்தியம் நடக்கும்போது இருந்த பயத்தைவிட, எல்லாம் முடிந்து "இனிமேல் செக்கப்புக்கு வந்தால் போதும்" என்று அனுப்பினார்களே, அதற்குப் பிறகு வந்த பயம்தான் எனக்குப் பெரிது. வைத்தியம் நடக்கும்போது தினமும் யாராவது பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், ஏதோ நடக்கிறது. திடீரென்று எல்லாம் நின்றுபோய் நீயும் உன் உடம்பும் மட்டும் வீட்டில். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது, தலை வலித்தால் மூளைக்குப் போய்விட்டது, வறட்டு இருமல் வந்தால் நுரையீரல். கார்த்திகை மாதத்தில் வேலூரில் யாருக்குத்தான் இருமல் இல்லை?

எனக்கு உதவியது ஒரு கணக்கு. எங்கள் டாக்டர் சொன்னார்: புது வலியோ புதுத் தொந்தரவோ வந்தால் தேதியைக் குறித்துக்கொள், இரண்டு வாரம் பார், குறையாமல் இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ செக்கப் தேதிக்குக் காத்திருக்காதே, வந்துவிடு. கட்டி என்றாலோ மூச்சு வாங்கினாலோ இரண்டு வாரமும் வேண்டாம், உடனே வா. அதற்குப் பிறகு காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பேன். முக்கால்வாசி வலி, குறித்ததே மறந்துபோகிற அளவுக்குப் போய்விடும்.

இன்னொன்று, செக்கப்புக்கு முந்தின வாரம் வீட்டில் நான் ஒரு மாதிரி ஆகிவிடுவேன், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். இப்போது அவர்களே "அம்மாவுக்கு செக்கப் வருது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். செக்கப்பை எப்போதும் காலை முதல் டோக்கனாக வாங்குவேன், மதியம் வரை உட்கார்ந்து அடுத்தவர் கதையெல்லாம் கேட்டால் நமக்கு இல்லாத நோயும் வந்துவிடும். கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள், உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடும். ரிப்போர்ட் என்றைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகராதே. தேதி தெரிந்த பயத்துக்கு ஒரு கரை இருக்கிறது.

மிஸ்டர் நேர்ப்பேச்சு

எல்லோரும் சேர்ந்து நன்றாகத்தான் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் ஆயா 90 வயது வரை இருந்தார், ஒரு மிஷினிலும் மார்பைக் கொடுத்ததில்லை. சும்மா இருந்த ஒருவரை முகாம் என்று கூட்டிப்போய், ஒரு எண்ணைக் கையில் கொடுத்து, தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். டெஸ்ட் இல்லை என்றால் இந்த இழையே இல்லை.

வாலாஜா வாத்தியார்

நேர்ப்பேச்சு சார், உங்கள் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன். பரிசோதனையால் வீண் பயம் வரத்தான் செய்கிறது. அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் 100 பேரில் சுமார் 10 பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருப்பதில்லை. எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, அமெரிக்காவில் 40-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று 2024-ல் சொன்னார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் மிஷினே கிடையாது, 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்ப்பதுதான்.

அந்தக் கைப் பரிசோதனையை மட்டமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக வைத்து இருபது வருடம் பார்த்தது, முடிவு 2021-ல் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சுகாதாரப் பணியாளர் கையால் பார்த்த பிரிவில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்த நோயால் வந்த சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஆயா 90 வரை இருந்தது சந்தோஷம். என் அத்தை 52-ல் போனார், கட்டி புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் எங்களுக்கே தெரியும்.

குடியாத்தம் தன்னார்வலர்

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவள். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறோம், 30 வயது தாண்டிய பெண்களை மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம்.

நீங்கள் எல்லோரும் தூக்கம் வராத பயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பார்க்கிற பயம் வேறு மாதிரி. பீடி சுற்றுகிற அக்காக்கள் "பயமா, எனக்கா?" என்று சிரிப்பார்கள். நேரம் இல்லை, இலை வெட்டணும், நாளைக்குக் கணக்கு கொடுக்கணும் என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, அடுத்த தடவை போகும்போது ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்துக் கிடக்கும். தூக்கிப் போடவும் இல்லை, போகவும் இல்லை. என்னைக் கேட்டால் அதுவும் பயம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு நாள் கூலி போகும், யார் கூட வருவது, ஏதாவது சொல்லிவிட்டால் மகள் கல்யாணம் என்ன ஆவது, இதெல்லாம் சேர்ந்த பயம். இவர்களுக்குத் தைரியம் சொல்வதைவிட, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம், இந்தக் கிழமை, நானே பஸ்ஸில் கூட வருகிறேன் என்று சொன்னால் வேலை நடக்கிறது.

பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு பக்கம் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அட்டையை முன்னாலேயே எடுத்து வையுங்கள், நோய் வந்த பிறகு தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

வேப்பமரத்தெரு

எல்லோருக்கும் நன்றி. 3 என்பது ஸ்டேஜ் இல்லை என்று படித்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் உடனே அவர் அம்மாவிடம் சொல்வார், மாமியார் நாத்தனாரிடம், அப்புறம் போளூர் வரைக்கும் போய்விடும். அப்புறம் ஒரு இடத்தில் முழு உடம்பு பேக்கேஜ் என்று கேன்சர் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து விளம்பரம் பார்த்தேன், அதை எடுத்தால் மனசு அடங்குமா?

சத்துவாச்சாரி அக்கா

அடங்காது. எனக்கே வைத்தியம் முடிந்த பிறகு நீ சொல்கிற அந்த ரத்தப் பரிசோதனையும் (மார்க்கர் டெஸ்ட்), உடம்பு முழுக்க எடுக்கிற பெட் ஸ்கேனும் வழக்கமாக எடுப்பதில்லை, தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கையால் பார்ப்பார், வருடத்துக்கு ஒரு மேமோகிராம், அவ்வளவுதான். என்னோடு வைத்தியம் பார்த்த ஒருத்தி வெளியில் போய் அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்தாள். எண் கொஞ்சம் கூட வந்தது. அதற்கப்புறம் ஸ்கேன் மேல் ஸ்கேன், கடைசியில் ஒன்றும் இல்லை. புற்றுநோய் இல்லாமலும் அந்த எண் கூடும்.

வீட்டுக்காரரிடம் ஒரு வரியில் சொல். "ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, அநேகமாகச் சாதாரணம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட வர வேண்டும், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம்." கடைசி வரியையும் சேர்த்தே சொல், தனியாகச் சொன்னால் ஆண்பிள்ளைகளுக்கு மறந்துவிடும். மகளிடம் பரீட்சை முடியட்டும். ஆனால் நீ அழுததை அவள் பார்த்துவிட்டுக் கேட்டால் பொய் சொல்லாதே, அந்த வயதுப் பெண் நீ சொல்லாததை இன்னும் பெரிதாக நினைத்துக்கொள்ளும்.

ஆம்பூர்க்காரன்

கடைசி வரி மறந்துவிடும் என்பது சரிதான் அக்கா. ஆண்பிள்ளை பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவா? என் வீட்டம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னது, "ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாதுன்னு சொல்லாதே, உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். எனக்கு அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை, சரி என்று வாயை மூடிக்கொண்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். அது போதும் என்றார். அப்புறம் பழைய ஃபிலிமை எல்லாம் பத்திரமாக வையுங்கள், எங்களிடம் முதல் ஃபிலிம் கேட்டார்கள்.

ராத்திரி ஷிஃப்ட்

ஆமாம், முதல் படம் இல்லாமல் வந்தால் எதோடு ஒப்பிடுவது? வேப்பமரத்தெரு அக்கா, முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள், இல்லையென்றால் ஃபிலிமும் சிடியும் கையில் இருக்க வேண்டும். உங்கள் வயதில் பலருக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, பனிமூட்டத்தில் வெள்ளாட்டைத் தேடுகிற மாதிரி. அதனால் கூடவே அல்ட்ராசவுண்டும் எடுத்தால் "ஏதோ இருக்குன்னுதான் இதுவும் எடுக்கிறாங்க" என்று அங்கேயே கலங்க வேண்டாம்.

அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு கூகுளில் தேடுவது. தேடத் தோன்றினால் கேள்வியைச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள், டாக்டரிடம் கேட்கலாம். பல வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. பாகாயத்தில் சிஎம்சியின் (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. பாகாயம் என்றதும் நம் ஊரில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆரணி பட்டுக்கரை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 58 வயது, கையில் தட்டுப்படுகிறது என்று அவரே சொன்னார், மூன்று வாரம் ஆகிறது. ஆண் டாக்டர் என்றால் செத்தாலும் வர மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

வாலாஜா வாத்தியார்

உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் சொன்னதால். அதைப் பார்த்துதான் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தார், வேலூரில் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கூச்சம் போகவில்லை, ஆனால் இன்றைக்கு பெண் டாக்டரைக் கேட்டு வாங்கலாம்.

ராத்திரி ஷிஃப்ட்

ஆரணி தங்கச்சி, இது வேப்பமரத்தெரு அக்கா கதை இல்லை. 58 வயதில் கையில் தட்டுப்படுகிற கட்டி என்றால் ஆறு மாதக் கணக்கு எதுவும் கிடையாது, இந்த வாரமே காட்ட வேண்டும். போன் செய்து பெண் டாக்டர் ஓபி எந்தக் கிழமை என்று கேளுங்கள். மேமோகிராம் எடுக்கிறவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் பெண்தான். முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட் போட்டு வரட்டும். ஒவ்வொரு பக்கமும் அழுத்துவது சில நொடிகள்தான், வலித்தால் வாய்விட்டுச் சொல்லலாம். அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட், ஸ்பிரே எதுவும் கூடாது, படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து குழப்பும்.

வேப்பமரத்தெரு

வீட்டில் சொல்லிவிட்டேன். கடைசி வரியோடு. ஒன்றும் பேசாமல் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, "சின்னம்மா விஷயத்தை டாக்டர்கிட்ட சொன்னியா?" என்று அவரே கேட்டார். சனிக்கிழமை அதற்காகவே போகிறோம், ஊசி விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். ஆரணி சகோதரி, அம்மாவைக் கூட்டிப்போனீர்களா?

ஆரணி பட்டுக்கரை

பெண் டாக்டர் வியாழக்கிழமை இருக்கிறார் என்று டோக்கன் போட்டாயிற்று, அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இப்போது சண்டை பவுடருக்குத்தான். வேலூருக்கு பவுடர் போடாமல் எப்படி வருவது என்கிறார், முகத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.